ரப்பருக்கும் உண்டு ஓய்வு

குமரி மாவட்டம் அருமனையில் எங்கு திரும்பினாலும் ரப்பர் தோட்டம். இலை உதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் பால்வெட்டை நிறுத்திவிடுவார்கள்; வெட்டினால் மரம் நொந்துபோகும்.

ஞாயிறு ஆராதனை, வீடு சந்திப்பு, கல்யாணம், அடக்க ஆராதனை என்று ஓடும் போதகருக்கு அப்படி ஒரு காலம் உண்டா? ஏழாம் ஆண்டில் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 25-ம் அதிகாரம்.

மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்களவர்களைப் பறிகொடுத்த பிறகுதான் 1845-ல் கொடைக்கானலில் ஓய்வு வீடுகள் கட்டினார்கள்.

அருமனை போதகர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பத்துகாணி அருகே குருசுமலை இருக்கிறது. தவக்காலத்தில் அங்கே பக்தர்கள் கூட்டம். மற்ற நாட்களில் காற்றும் மரங்களும்தான். சபையார் செய்ய வேண்டியது ஒன்றே: போதகர் படுக்கையில் விழும் முன்பே, ‘போய்வாருங்கள் ஐயா’ என்று அனுப்பிவைப்பது.