சுவரில் ஒரு போர்க்களம்

சென்ற ஆண்டு விடுமுறையில் என் தங்கையின் குடும்பத்தாரும் பங்கைச் சேர்ந்த நண்பர் சிலரும் உடன்வர, சேலத்திலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றோம். அதிகாலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டு, சங்ககிரி மலைக்கோட்டையைக் கண்டவாறே ஈரோடு, சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை, மைசூர் வழியாகக் காவிரி சூழ்ந்த அத்தீவை அடைந்தோம். அது நமக்கு அந்நிய மண் அன்று. 1792-இல் ஆங்கிலேயர் வசமாகும் வரை நம் சேலம், நாமக்கல் சமவெளியை ஆண்டது அவ்வூரே.

அங்கே, 1784-இல் திப்பு சுல்தான் எழுப்பிய 'தரியா தௌலத்' என்னும் கோடைமாளிகையின் மேற்குச் சுவரில் மாபெரும் ஓவியம் விரிகிறது. ஒருபுறம் ஹைதர் அலியும் திப்புவும் படையோடு பவனி வருகின்றனர். மறுபுறம், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் நடந்த போர். செஞ்சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்க, நடுவே பல்லக்கில் ஆங்கிலத் தளபதி கர்னல் பெய்லி. அருகே வெடிமருந்து வண்டி தீப்பற்றிச் சிதறுகிறது. நிறம் மங்கிய இவ்வோவியத்தைச் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் டல்ஹௌசி பிரபு மீண்டும் தீட்டச் செய்தாராம். தோற்றவர்களே தங்கள் தோல்வியைப் புதுப்பித்தது விந்தையன்றோ!

வண்ணங்களை வியந்து நின்றோம். அப்பொழுது தங்கையின் இளைய மகன் என் அங்கியைப் பற்றி, "மாமா, இதில் நம்மவர்கள் யார்?" என்று வினவினான்.

உடனே விடை கூற இயலவில்லை. பெய்லியின் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். எதிர்ப்படையிலும் நம் சமவெளியின் பிள்ளைகள் இருந்திருக்கக்கூடும். "இருபுறமும் நம்மவர்களே, தம்பி" என்றேன். ஓவியத்தில் அவர்கள் முகங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருந்தன. சிறையில் 1782-இல் இறந்த பெய்லிக்கு அவ்வூரிலேயே 1816-இல் நினைவு மண்டபம் எழுந்தது. சிப்பாய்களின் பெயரை உரைக்கும் கல்லை நாங்கள் காணவில்லை.

மாலையில், துபுவா அடிகளாரின் பெயரால் வழங்கும் தேவாலயம் சென்றோம். 1799-இல் திப்பு வீழ்ந்தபின், சிறைப்பட்டும் சிதறியும் கிடந்த கிறிஸ்தவர்களைத் தேடித் திரட்டிய குரு அவர். அங்கே முழந்தாளிட்டு, அச்சுவரிலுள்ள அனைவருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். சிறுவன் மெல்ல, "குதிரைக்காரர்களுக்கும் சேர்த்துத்தானே, மாமா?" என்றான்.

அன்பர்களே, வெற்றியை வரைய ஓவியர் உண்டு. மன்னருக்கு மண்டபம் உண்டு. பெயரற்று மாண்டவர்க்கோ நம் செபமே நினைவுச் சின்னம். வரும் நவம்பரில் மரித்தோரை நினைக்கும்போது, நம் குடும்பப் பெயர்களோடு நின்றுவிடாதிருப்போமாக. ஆண்டவர் அறியாத முகம் ஒன்றுமில்லை.