குடியும் வைத்தியமும்: சில குறிப்புகள்

எழுத்தாளனின் குடியைப் பற்றி நம்மிடையே ஒரு மௌனமான மரியாதை இருந்து வருகிறது. அவன் குடித்துவிட்டுச் சொன்னவை மேற்கோள்களாகின்றன. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கை நடுக்கம் நிற்பதற்காக அவன் குடித்தது யாருடைய நினைவுக் குறிப்பிலும் வருவதில்லை. என் அண்ணன் இதைப் போன்ற பத்திரிகைகளில் கவிதை எழுதியவர். அவருக்கு வைத்தியம் தேடி அண்ணியும் நானும் அலைந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றி எழுதுவது, இந்த மரியாதையின் மீது எனக்குள்ள அலுப்பினாலும்தான்.

முதலில் வார்த்தை. டாக்டரிடம் என்னவென்று சொல்வது? 'குடிகாரர்' என்பது வசை. 'குடிப்பழக்கம்' நகம் கடிப்பதைப் போல ஒலிக்கிறது. 'குடிநோய்' என்றால், திமிருக்கு நோய் என்று பெயரா என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அண்ணி கடைசியில், "அவரால நிறுத்த முடியல" என்றார். இதைவிடத் துல்லியமான விவரணையை நான் பிறகு படித்த எந்த மருத்துவப் பிரசுரத்திலும் பார்க்கவில்லை.

குடும்ப டாக்டர் ஈரலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, நாளையிலிருந்து தொடக் கூடாது என்றார். அண்ணனும் தொடவில்லை. மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்புகள் ஊர்வதாகச் சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். மாலை போட்டும் கோயிலில் கயிறு கட்டியும் ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் பலருக்கு ஒன்றும் நேர்வதில்லை என்பதால் இந்த அபாயம் நமக்குத் தெரிவதில்லை. வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்த மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை எந்நேரமும் முறுக்கி வைத்திருக்கிறது. மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம், வியர்வை, முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். பிறகு பிரமைகள், ஜன்னி. கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் க்ளோர்டயாசிபாக்ஸைடு போன்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துகிறார்கள். கூடவே தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. அது வற்றிப்போனால் நினைவு அழிந்து, அழிந்த இடங்களை நோயாளி தானறியாமல் கதைகளால் நிரப்பிக்கொள்ளும் நிலை வரலாம். 1887-ல் ருஷ்ய வைத்தியர் கோர்சகாஃப் விவரித்தது இது. (குடிக்காமலே இந்நிலையை எய்திய இலக்கியச் சரித்திரக்காரர்களை நான் அறிவேன்.)

இவ்வளவையும் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலேயே செய்தார்கள். ஆனால் உடம்பைத் தெளியவைப்பது வேறு, வைத்தியம் வேறு. பதினோராம் நாள் வீடு திரும்பிய அண்ணன் இருபதாம் நாள் குடித்தார்.

யோசனைகள் அதன் பிறகுதான் வந்தன. சித்தப்பா ஒரு பொடி கொண்டுவந்தார். காப்பியில் கலந்தால் தெரியவே தெரியாதாம். இத்தகைய பொடிகளில் என்ன இருக்கிறதென்று யாரும் சொல்வதில்லை. டைசல்ஃபிராம் இருந்தால் விபரீதம். கோபன்ஹேகனில் ஹால்ட், யாகப்ஸன் என்ற இருவர் அதைப் பூச்சி மருந்தாகப் பரிசோதிக்கத் தாங்களே விழுங்கிவிட்டு, மது அருந்தியதும் அவதிப்பட்டு, 1948-ல் அறிவித்தார்கள். மது உடம்பில் உடையும்போது உண்டாகும் அசிடால்டிஹைடை மேற்கொண்டு உடையவிடாமல் அது தடுக்கிறது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிகிறது. தெரிந்து, சம்மதித்து விழுங்குகிறவனுக்கு அது ஒரு வேலி. தெரியாதவனுக்கு விஷம். பொடியை அண்ணி சாக்கடையில் கொட்டினார்.

அப்புறம் 'மறுவாழ்வு மையம்' ஒன்று. பெயர் எதற்கு? போன் செய்தபோது, நோயாளி யார், எத்தனை வருஷமாக என்று கேட்கவில்லை. "வண்டி அனுப்பட்டுமா சார்? நாலு பேர் வருவாங்க" என்றது குரல். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் கோளாறுகளையும் தன்னுள் அடக்குகிறது. சம்மதமில்லாதவரைச் சேர்க்க நிபந்தனைகள் விதிக்கிறது. அந்த நாலு பேரின் சம்பளத்தில் சட்டம் படிக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. ஆஸ்பத்திரி இருக்கிறது. குடும்பத்தையும் உட்கார்த்திப் பேசுவது அங்கே வைத்தியத்தின் பகுதி. எங்களுக்குக் கிடைத்த ஆலோசகர் வேறிடத்தவர், வயதில் சிறியவர். அவர் குடியின் தீமைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குடி உங்களுக்கு என்ன தந்தது என்று கேட்டார். அண்ணன் முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோனும் கொடுத்தார்கள். ஐந்தாம் மாதம் மறுபடி குடித்தபோது அவர் அதை ஒரு துரோகமாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் திரும்பி வந்ததைப் போல விசாரித்தார். வீட்டில் எங்களால் அது முடிந்திருக்காது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அவர்தான் அனுப்பினார். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கியது. 1957-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. கட்டணம் இல்லை. முழுப்பெயர் வேண்டாம். புனைபெயரிலேயே வாழ்ந்தவருக்கு இதில் சிரமமில்லை. சிரமம் கடவுளிடம் வந்தது. தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார்களே, நாற்பது வருஷ நாத்திகத்தை என்ன செய்வது? இது அற்பமான கேள்வியல்ல. பலர் இந்த வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் இருந்த லாரி மெக்கானிக், "சாமிய வுடுங்க சார், இங்க இருக்கிற இருவது பேரு உங்களவிடப் பெருசுதானே" என்றாராம். அண்ணனுக்கு அந்தத் தர்க்கம் பிடித்துப்போயிற்று.

வடிவத்தைப் பற்றியும் அவருக்குப் புகார் இருந்தது. எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி. அடமானம் வைத்த தாலி, வேலை போனது, பிள்ளை பேசாதது. ஒரு படிமம் கிடையாது. ஆனால் பத்தாவது தடவை கேட்கும்போது, கதையில் அல்ல, சொல்கிறவன் தயங்கும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது என்றார். புதுக்கவிதையைப் பற்றி அவர் எழுதிய எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு நல்ல வாக்கியம் இல்லை.

பதினொரு மாதமாயிற்று. நண்பர்கள் என்னைப் பார்க்கும்போது, அண்ணன் எழுதுகிறாரா என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. செவ்வாய், வெள்ளி மாலைகளில் அந்தப் பள்ளிக்கூட அறைக்குப் போகிறார். மற்றவர்களுக்கு அரை மணி முன்னாலேயே போக வேண்டும். நாற்காலிகளை எடுத்துப் போடுவது இப்போது அவர் பொறுப்பு.