கண்ணில் வீக்கம், கோளாறு பல்லில்

தன் நாய் மணிக்குக் கண்ணருகே பூச்சி கடித்துவிட்டது என்றுதான் அக்கா போனில் சொன்னாள். வில்லாபுரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், வலது கண்ணுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். கண்ணில் சிவப்போ பீளையோ இல்லை. "நல்லாத்தான்டா சாப்பிடுறான்" என்றாள். தட்டு வைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மணி தலையைச் சாய்த்து இடப்பக்கமாகவே மென்றான். கடினமான துண்டுகளை ஒதுக்கிவிட்டான். வாயருகே குனிந்தபோது அழுகல் வாடை.

கே.கே. நகர் கிளினிக்குக்கு ஏழெட்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். நாய்க்குத் தனியாக ஐம்பது. கிளினிக்கில் பார்க்கும் கட்டணம் நானூறு. டாக்டரம்மா வீக்கத்தைத் தொடவேயில்லை, நேராக உதட்டைத் தூக்கினார். மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப்பல்லில் வெளிப்பக்கச் சில்லு பெயர்ந்து, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அந்தப் பல்லின் வேர் கண்ணுக்கு நேர் கீழே இருப்பதால், வேரில் சீழ் கட்டினால் முகம் வீங்குமாம்.

மற்ற பற்கள் பளிச்சென்று இருந்தன. நாய்க்கு முடி வெட்டும் கடை ஒன்றில் ஆயிரத்து இருநூறு கொடுத்துச் சுத்தம் செய்ததாக அக்கா பெருமையாகச் சொன்னாள். டாக்டர் விரலால் ஈறை லேசாக விலக்கிக் காட்டினார். அடியில் பழுப்புக் காரை அப்படியே ஒட்டியிருந்தது. "முழிச்சிருக்கிற நாய்க்கு ஈறுக்கு அடியில யாரும் கை வைக்க முடியாதும்மா" என்றார்.

ஆன்டிபயாடிக் கொடுத்து, ரத்தப் பரிசோதனை முடித்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முந்தின இரவிலிருந்து சாப்பாடு கிடையாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. முன்னங்காலில் முடி மழித்து ஊசி போட்டார்கள். மணி சரிந்ததும் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய். மயக்க வாயு போக மட்டுமல்ல, பல் கழுவும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்காமல் தடுக்கவும் அதுதான். மயக்கத்தில் உடம்பு குளிர்ந்துவிடும் என்பதால் அடியில் சூடேற்றும் விரிப்பு.

எக்ஸ்ரே படம் லேப்டாப்பில் வந்தது. அந்த ஒரு பல்லுக்கு மூன்று வேர். நுனியைச் சுற்றிக் கறுப்பு வளையம், அங்கே எலும்பு கரைந்திருந்தது. நாய்க்கு 42 பற்கள், நமக்கு 32. அத்தனையையும் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். மூன்று வேர்ப் பல்லை ஒரே இழுப்பில் பிடுங்க முடியாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறைப் பிரித்து, டிரில்லால் பல்லை மூன்றாக அறுத்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கே தாடை கூசியது. நெம்பி எடுத்த துண்டுகளை டிரேயில் பார்த்தேன். வெளியே தெரிந்த பல்லைவிட வேர்தான் நீளம். தானாகக் கரையும் நூலால் தைத்தார்கள். பில் பதினாலாயிரத்தைத் தொட்டது. அத்தான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மணி தள்ளாடினான், முனகினான், படுக்கைச் சாக்கில் இளஞ்சிவப்பாக எச்சில் ஒழுகியது. ஒரு வாரம் தண்ணிகூட குடிக்காது என்று எதிர்வீட்டுக்காரர் பயமுறுத்தினார். இருட்டுவதற்குள் உப்பில்லாமல் குழைய வேகவைத்த கோழிச்சோறு கொஞ்சத்தை நக்கித் தீர்த்துவிட்டு இன்னும் கேட்டான். அதே மனிதர் அரை பாராசிட்டமால் கொடுக்கவும் சொன்னார். நல்லவேளை, நமக்கான வலி மாத்திரை எதுவும் கூடாது, நாய்க்கு அது விஷமாகலாம் என்று டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். எடைக்கு அளந்து கொடுத்த மெலாக்சிகாம் சிரப் மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு. கழுத்துப் பிளாஸ்டிக் வளையம்தான் பெரிய தொல்லை. நிலைப்படியில் இடித்து, கோலமாவு டப்பாவைக் கவிழ்த்து, வீடெங்கும் வெள்ளைக் கால்தடம்.

இரண்டு வாரம் பந்து, கயிறு எதுவும் இல்லை. தையல் பார்க்கப் போனபோது ஈறு ரோஜா நிறத்தில் மூடியிருந்தது, வீக்கம் வற்றியிருந்தது. பல்லை உடைத்தது அக்கா ஆசையாக வாங்கிப்போட்ட மாட்டு நல்லி எலும்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது டாக்டரின் கணிப்பு. நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்றார். கறிக்கடையில் அக்கா இப்போது எலும்பு கேட்பதில்லை. தினமும் பல் தேய்த்துவிடுகிறாள். நம் பேஸ்ட்டை அவன் விழுங்கிவிடுவான், அது ஆகாது என்று நாய்க்கென்றே விற்கும் கோழிவாசனைப் பேஸ்ட், முந்நூற்றைம்பது ரூபாய். மணி தேய்க்க விடுவதற்குள் பாதியை நக்கிவிடுகிறான். தன் பேஸ்ட் ஐம்பது ரூபாய்தான் என்று அத்தான் தினமும் கணக்குச் சொல்கிறார்.