தென்னங்குழி

தென்னங்கன்றுக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி வெட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த மூன்றடியோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதும் தேவை எனக்கு நேர்ந்திராது.

2011-ஆம் ஆண்டு ஆனி மாதம். தாமிரபரணியின் வடகரையில், ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊரில், அப்பா விட்டுச்சென்ற வீட்டின் புறவாசலில் நான்கு கன்றுகள் வைப்பதென்று அம்மா முடிவு செய்திருந்தாள். எங்கள் வீடு ஊரின் கடைசி வீடு. புறவாசல் வேலியைத் தாண்டினால் நிலம் மெல்ல மேடேறிப் பரம்பாகிவிடும். செம்மண்ணும் சரளும் கலந்த, உடைமரங்களைத் தவிர வேறெதுவும் தழைக்காத மேடு. எங்கள் தோட்டமும் அந்தப் பரம்பின் சரிவுதான். வேலி போட்டதால் தோட்டம் என்று பெயர் பெற்றது, அவ்வளவே.

குழி வெட்ட வந்த பெரியவர் முதல் இரண்டு குழிகளை முற்பகலுக்குள் முடித்துவிட்டார். மூன்றாவதில் மூன்றடி ஆனதும், "அடியில கொஞ்சம் இளக்கி விட்டாத்தான் சார் வேரு இறங்கும்" என்று சொல்லிக் கடப்பாரையை மேலும் ஓர் அடி இறக்கினார். அதுவரை சரளில் பட்டுக் கணீரென்று தெறித்துக்கொண்டிருந்த ஓசை மாறியது. நெல் நிறைந்த குலுக்கையை வெளியிலிருந்து தட்டினால் எழும் அடங்கிய ஓசை போல ஒன்று கேட்டது.

மண்ணை ஒதுக்கினோம். சிவந்த சுடுமண் வளைவு ஒன்று தெரிந்தது. விரலளவு தடிமன். வளைவைத் தொடர்ந்து தோண்டியபோது அது வட்டமாகத் திரும்பியது. அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொரு வட்டத்தின் விளிம்பு. குழியின் வடக்குச் சுவரில், பாதி மண்ணுக்குள் புதைந்தபடி மூன்றாவது ஒன்று. உறைகிணறாக இருக்கும் என்று நான் சொன்னேன். சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய பழைய கிணறுகளைப் பற்றிப் படித்திருந்தேன். ஆற்றிலிருந்து இவ்வளவு தள்ளி, இந்த மேட்டில், மூன்று கிணறுகளை யார் அருகருகே தோண்டுவார்கள் என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை. பெரியவர் என் விளக்கத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "கெணறு இல்ல சார். தாழி" என்றார்.

அந்தச் சொல்லை ஒரு குழிக்குள் நின்றுகொண்டிருந்த மனிதரின் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு ஏற்பட்ட கூச்சத்தை இன்றும் முழுமையாக விளக்க முடியவில்லை. ஏழு ஆண்டுகளாக நான் அதை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். புறநானூற்றின் 228-ஆம் பாட்டில், இறந்த கிள்ளிவளவனுக்கு ஏற்ற தாழியை வனைய முடியுமா என்று குயவனைப் பார்த்து ஐயூர் முடவனார் வினவுகிறார். பாடியவர் பெயர் கிடைக்காத 256-ஆம் பாட்டில், கணவனை வழியில் இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்யும்படி குயவனிடம் கேட்கிறாள். முன்னதற்குத் துறை ஆனந்தப்பையுள், பின்னதற்கு முதுபாலை. தேர்வுக்கு இது போதும் என்பதால் மாணவர்களும் இதற்கு மேல் கேட்டதில்லை. 'தாழி – பெரிய மட்பாண்டம்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். அந்தப் பெரிய மட்பாண்டம் கண்ணெதிரே வாய் திறந்து கிடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவருக்குத் தெரிந்தது.

"எங்க அய்யா காலத்துல பரம்புல சரளு அள்ளப் போவோம். அப்ப எத்தனையோ ஒடஞ்சிருக்கு. வண்டியில ஏத்தி ரோட்டுக்குப் போட்டாச்சு" என்று அவர் இயல்பாகச் சொன்னார். ஆதிச்சநல்லூருக்கு 1876-இல் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் வந்து தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றதும், 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்து இரும்பும் வெண்கலமும் பொன்பட்டங்களும் எடுத்ததும் எனக்குத் தெரியும். 2004-05-இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே மீண்டும் அகழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டதைச் செய்தித்தாளில் படித்து நறுக்கியும் வைத்திருந்தேன். ஆனால் ஆதிச்சநல்லூர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். வரலாறு எப்போதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

கடப்பாரை பட்ட தாழியின் தோள்ப்பகுதி உடைந்து உள்ளே சரிந்திருந்தது. அதன் கழுத்துக்குக் கீழே கயிறு சுற்றினாற்போல மண்ணால் ஒரு பட்டை ஒட்டி, அதன்மேல் விரல் நுனியால் வரிசையாக அழுத்தியிருந்தார்கள். அந்தப் பள்ளங்களில் ஒன்றில் என் விரலை வைத்துப் பார்த்தேன். இடம் போதவில்லை. வனைந்தவருக்கு மெலிந்த விரல்கள். பெண்ணாகவும் இருக்கலாம், சிறுவனாகவும் இருக்கலாம். பாட்டுகளில் வரும் குயவனுக்கு நான் எப்போதும் ஒரு தடித்த முதியவனின் உருவத்தைக் கொடுத்து வைத்திருந்தேன்.

உள்ளே இருந்தது வெளியே இருந்ததைப் போன்ற சரள் அல்ல. சலித்தெடுத்தது போன்ற மெல்லிய மண். பெரியவர் இரும்புச் சட்டியால் அதை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். "வண்டல் மாதிரி இருக்கு சார், வாழைக்குப் போட்டா நல்லா வரும்" என்றார். துவைக்கும் கல்லை ஒட்டி நின்ற வாழைகளின் அடியில் அது போய்ச் சேர்ந்தது. ஏழெட்டுச் சட்டி இருக்கும். நான் தடுக்கவில்லை. என் கண்கள் மண்ணைப் பார்க்கவில்லை. மண்ணுக்குள் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தன. பொன்பட்டம் என் நினைவில் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வந்தது ஒரு கிண்ணம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்துச் சுடும்போது உட்புறத்துக்குக் காற்று எட்டாமல் கறுத்துப்போகும், வெளிப்புறம் சிவந்துவிடும். கருப்பு சிவப்புப் பானை என்று தொல்லியலார் சொல்வது இதைத்தான். உள்ளங்கையில் அடங்கும் அளவு. விளிம்பில் ஒரு சிறு மூளி தவிர முழுமையாக இருந்தது. கழுவியபோது அந்தக் கறுப்பு, எண்ணெய் தேய்த்த கல்லைப் போல மின்னியது. அடுத்து வந்தவை துருவேறி உருத்தெரியாத இரும்புத் துண்டு ஒன்றும், வெளிறிய சில சில்லுகளும். சில்லுகளைப் பெரியவர் சட்டியிலிருந்து எடுத்துத் தனியாக ஒரு பூவரச இலையில் வைத்தார்.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "எய்யா, அது மதமதக்கத் தாழில்லா. மூடுங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மார்களையும் போல அவளுக்கும் அந்தக் கதை தெரியும். முற்காலத்தில் மனிதர்களுக்குச் சாவு எளிதில் வராதாம். வயது ஏற ஏறச் சுருங்கிக் குழந்தையளவாகி, விளக்குமாடத்தில் உட்காரும் அளவுக்கு ஆகிவிடுவார்களாம். பிறகு அவர்களைத் தாழிக்குள் வைத்து, சோறும் தண்ணீரும் விளக்கும் கூட வைத்து மூடிவிடுவார்களாம். "உசிரோட வச்சதுய்யா. அவுகளத் தொந்தரவு பண்ணக் கூடாது." சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். வளர்ந்தபின், ஈமச் சடங்கின் நினைவு மறைந்து கதையாக எஞ்சியது என்று ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்திருக்கிறேன். அன்று புறவாசலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது அந்தக் கட்டுரையிலிருந்து ஒரு வரிகூட எனக்கு உதவவில்லை.

இரவு அண்ணனுக்குத் தொலைபேசினேன். வீடும் தோட்டமும் எங்கள் இருவருக்கும் பாகம் பிரிக்காத சொத்து. அவன் முழுவதையும் கேட்கவில்லை. "எலே, ஆதிச்சநல்லூர்ல நூத்துப்பதினாலு ஏக்கர வேலி போட்டு வச்சிருக்கான் பாத்தியா? நாளைக்கு நம்ம வீட்டுக்கும் வேலி போட்டா அம்மா எங்க போவா? மூடிட்டு வேலயப் பாரு" என்றான். பூமிக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்வதை அவனிடம் சொன்னேன். "ஒடஞ்ச பானைக்கு எவன் பத்து ரூவா தருவான்?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. மறுப்பைச் சற்று எதிர்பார்த்துத்தான் நான் அழைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. மூடுவதற்கு எனக்கு இன்னொருவரின் அனுமதி தேவைப்பட்டது.

மறுநாள் காலையில் மூடினோம். பூவரச இலையில் இருந்தவற்றை அம்மா தன் கையாலேயே உடைந்த தாழிக்குள் திரும்ப வைத்து, ஒரு கை பச்சரிசியும் தூவினாள். இரும்புத் துண்டும் உள்ளே போயிற்று. கிண்ணம் மட்டும் போகவில்லை. அது என் அலமாரியில், புத்தகங்களுக்குப் பின்னால் இருந்தது. மூன்றாவது குழியின் மேல் தென்னை வைக்க அம்மா விடவில்லை. நந்தியாவட்டைச் செடி ஒன்றை நட்டாள்.

அவள் 2017-இல் காலமானாள். எரியூட்டிய மறுநாள் எலும்புகளைப் பொறுக்கிப் பாலூற்றி ஒரு சிறிய மண்கலயத்தில் இட்டுக் கையில் கொடுத்தார்கள். ஆற்றுக்கு நடந்து போகும்போது கலயத்தின் இளஞ்சூடும் அதன் எடையும் உள்ளங்கையில் தெரிந்தன. அலமாரியில் இருந்த கிண்ணத்தைக் கையில் வாங்கியபோது இருந்த எடைதான். அன்றிலிருந்து அந்த அலமாரிக் கதவைத் திறப்பது எனக்குக் கடினமாயிற்று.

2020-இல் எங்கள் ஊரிலிருந்து சில கல் தொலைவில் உள்ள சிவகளைப் பரம்பில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. வரலாறு ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகளைத் தாழி ஒன்றில் மண்ணோடு கிடைத்த நெல்லுமியை அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிக் கரிமப் பகுப்பாய்வு செய்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று தெரியவந்திருக்கிறது. மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு நெருக்கம். பொன்னோ வெண்கலமோ அல்ல, ஒரு பிடி உமி. மகள் ஏதோ கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. எழுந்து புறவாசலுக்குப் போனேன். துவைக்கும் கல்லை ஒட்டி வாழைகள் நின்றிருந்தன. அந்தப் பத்து ஆண்டுகளில் எத்தனையோ தார்கள் வெட்டியாயிற்று.

நான் எடுத்து வைத்துக்கொண்டது பாத்திரத்தை. பரம்பில் அதுபோன்ற கிண்ணங்கள் ஏராளம் கிடைத்துவிட்டன. பாத்திரத்தில் இருந்ததையோ ஏழெட்டுச் சட்டியாக வாழைக்குக் கொட்டிவிட்டேன். அதில் உமி இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. சங்கப் பாட்டில் ஒரு சொல்லைப் பெயர்த்தெடுத்து அதைச் சுற்றியிருந்ததை உதறிவிட்டுப் பொருள் சொல்லும் என் வகுப்பு நினைவுக்கு வந்தது.

2022 கோடை விடுமுறையில் கிண்ணத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய் அரசு அருங்காட்சியகம் ஒன்றின் காப்பாட்சியரிடம் ஒப்படைத்தேன். அவர் என்னைவிட இளையவர். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை அடி ஆழத்தில், தாழிக்குள் எந்தப் பக்கமாக, எதன் மேல் இருந்தது, வாய் மேல்நோக்கி இருந்ததா, கவிழ்ந்திருந்ததா, உள்ளே மண் இருந்ததா, கழுவினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆழத்தைத் தவிர எதற்கும் என்னிடம் உருப்படியான விடை இல்லை. கழுவினேன் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு பதிவேட்டில் 'கிடைத்த சூழல்' என்ற பத்திக்கு நேராக 'தெரியவில்லை' என்று எழுதி, என்னைக் கையெழுத்திடச் சொன்னார். இடம் என்ற பத்தியில் ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்திருந்தேன்.

இப்போது ஆதிச்சநல்லூரில் தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டுக் கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். 256-ஆம் பாட்டைக் கண்ணாடியின் மேல் நின்றபடியே நடத்தினேன். ஒரு மாணவி கீழே குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கு இடம் பத்தாதே சார்" என்றாள். இவ்வளவு காலத்தில் அந்தப் பாட்டைப் பற்றி என் வகுப்பில் எழுந்த நல்ல கேள்வி அதுவே. அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

பாகப்பிரிவினை இந்த ஆண்டு முடிவாகிறது. நந்தியாவட்டை நிற்கும் பகுதி அண்ணனின் பாகத்தில் வருகிறது. மனைகளாகப் பிரித்து விற்க ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறான். அடித்தளம் போடுபவர்கள் மூன்றடியோடு நிறுத்த மாட்டார்கள். அந்த இடத்தில் கடப்பாரை படாத தாழிகள் இரண்டு இருக்கின்றன. அவற்றின் வாய்க்கு மேலே இருந்த மண்ணைத் தவிர நாங்கள் எதையும் தொடவில்லை. மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் கடிதம் எழுதி, புல எண்ணையும் குழியின் ஆழத்தையும் வேலியிலிருந்து எத்தனை அடி என்பதையும் குறித்துவிட்டேன். இருவர் பெயரிலும் உள்ள நிலம் என்பதால் அண்ணனும் கையெழுத்திட்டால் நல்லது என்று நினைத்து அவனுக்கு ஒரு படி அனுப்பினேன். சேர்ந்துவிட்டது என்று அஞ்சல்துறையின் ஒப்புகை அட்டை வந்திருக்கிறது. அண்ணனிடமிருந்து அழைப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை பார்த்துவிட்டு என் ஒருவன் கையெழுத்தோடு அனுப்பப் போகிறேன்.