ஹெரால்டை விற்பதா, வேண்டாமா?

இன்று மருத்துவப் பதிவு இல்லை நண்பர்களே. ஒரு காரைப் பற்றிய பதிவு.

ஆனாலும் நான் எழுதினால் நடுவில் எங்கேயாவது பக்கவாதமும் எலும்பு முறிவும் வந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. 1966 மாடல். இரண்டு கதவு.

இப்போதைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாது. வீட்டில் தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார்.

இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. வடிவமைத்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம்ம சென்னையிலேயே ஸ்டாண்டர்டு கம்பெனி இதைத் தயாரித்தது. 948 சிசி இன்ஜின்.

இதே காரின் சேஸிஸைக் கொஞ்சம் குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதனால் எங்கள் வீட்டில் இதற்குச் செல்லப்பெயர் "ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்".

இந்த காரில் ஒரு விசேஷம் உண்டு. பானட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த முன்பக்கமும் முன்னோக்கிச் சாயும். இன்ஜின் முழுசாக வெளியே தெரியும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்று இப்போது புரியும்.

என் அப்பா அரசு பஸ் டெப்போவில் 31 வருடம் மெக்கானிக். ரிட்டயர் ஆன மூன்றாம் வருடம், 2017-ல், பக்கவாதம் வந்தது.

காலையில் எழுந்தபோது வலது கை மரத்திருக்கிறது. பேச்சு குழறியிருக்கிறது. "ராத்திரி கைய மடக்கிப் படுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். எனக்கு இரவுப் பணி. பணி முடிந்து நான் வந்து பார்க்கும்போது மணி பதினொன்று.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது.

(முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ படுக்க வைக்காதீர்கள். உடனே 108. டாக்டர் வீட்டிலேயே நடந்த தவறு இது. உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்.)

உயிருக்கு ஆபத்து இல்லை. நடையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது. வலது கைதான் வரவில்லை.

ஸ்பேனர் பிடித்த கை அது. பிசியோதெரபிஸ்ட் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால், "நான் என்ன சின்னப்புள்ளையா?" என்று வீசிவிடுவார். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை பேசுவார்.

2018-ல் தேனி பக்கம் ஒரு பழைய ரைஸ் மில்லில் இந்த ஹெரால்டு கிடப்பதாக அவருடைய டெப்போ நண்பர் சொன்னார். போய்ப் பார்த்தோம். கோழி அடைந்து கிடந்தது. தரைத் தகடு மொத்தமும் துரு. இன்ஜின் இறுகிப்போயிருந்தது.

அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். இடது கையால் பானட்டைத் தட்டிப் பார்த்தார். "சேஸிஸ் நல்லாருக்கு தம்பி" என்றார்.

எட்டு மாதத்தில் அவராக ஆர்வத்தோடு பேசிய முதல் வாக்கியம் அது. 60,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். வீட்டில் என் மனைவி என்ன சொன்னார் என்பதைத் தணிக்கை செய்துவிடுகிறேன்.

அடுத்த நான்கு வருடங்கள் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த காருக்குத்தான்.

சிலிண்டருக்குள் டீசல் ஊற்றி நாள்கணக்கில் ஊற வைத்து இன்ஜினைச் சுழல வைத்தோம். சாமான் தேடி சென்னை புதுப்பேட்டைக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. கிடைக்காததை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினோம். தகடு வெட்டி ஒட்டி, டிங்கர் வேலை முடித்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் வெளிர் நீலம் அடித்தோம்.

அப்பாவுக்கு நான் கொடுத்த முதல் வேலை, ஒரு டப்பா நிறைய நட்டு போல்ட்டைச் சைஸ் வாரியாகப் பிரிப்பது. வலது கையால்.

முதல் நாள் பதினோரு நட்டு. கீழே விழுந்தது அதைவிட அதிகம். ஆனால் பந்தை வீசியவர் இதை வீசவில்லை.

மூளையில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டால், மற்ற பகுதிகள் அந்த வேலையை ஓரளவு கற்றுக்கொள்ள முடியும். ஆனால் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தனக்குப் பிடித்த வேலையாக இருந்தால்தான் மனிதன் சலிக்காமல் செய்வான். தையல்காரரிடம் ஊசியைக் கொடுங்கள், சமையல்காரரிடம் கரண்டியைக் கொடுங்கள் என்று இப்போது என் நோயாளிகளின் வீட்டாரிடம் சொல்கிறேன். நான் அதைக் கற்றது இந்த ஹெரால்டில்.

2022 பொங்கலுக்கு வண்டி ஸ்டார்ட் ஆனது. டயர் மேல் உட்கார்ந்து பாயிண்ட் செட் செய்தது அப்பா. வலது கையால். முழுதாகச் சரியாகவில்லை, விரல் நடுங்கும். ஆனாலும் செய்தார்.

தெருவே கூடிவிட்டது. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய்வந்தார்.

சரி, இவ்வளவு பாசமான காரை ஏன் விற்கணும்?

எங்கள் வீடு இரண்டு சென்ட் இடம். கீழே கார் நிற்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, மோட்டார். வீடு மாடியில். நடுவில் பதினேழு படி.

தினமும் வார்டில் எத்தனை பேரிடம் சொல்வேன் தெரியுமா? "பெரியவரைக் கீழ் ரூமுக்கு மாத்துங்க. பாத்ரூம்ல பிடிமானக் கம்பி வைங்க. இந்த வயசுல விழுந்தா அப்புறம் எழும்புறது கஷ்டம்."

என் வீட்டில் கீழ் ரூம் இருக்க வேண்டிய இடத்தில் ஹெரால்டு நின்றது.

போன வருடம் டிசம்பர், ஒரு ஞாயிறு, விடியற்காலை ஐந்தரை மணி. பனியில் படி ஈரம். வாரம் ஒருமுறை இன்ஜினை ஓடவிட வேண்டும் என்று அப்பா தனியாக இறங்கியிருக்கிறார். கடைசிப் படிக்கு முன்னால் கால் வழுக்கிவிட்டது. கையை ஊன்றிவிட்டார்.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

கவனியுங்கள், இடது கை. அவருடைய நல்ல கை. ஆறு வாரம் மாவுக்கட்டு. சட்டைப் பட்டன் போட, சாப்பிட, பாத்ரூம் போக எல்லாவற்றுக்கும் அம்மா. தலைகுனிந்து வாய் திறந்து சோறு வாங்கிக்கொள்ளும் அப்பாவை நான் நேராகப் பார்க்க முடியாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடுப்பு எலும்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் குற்றவுணர்ச்சி.

இதற்கு முன்பே கோவையில் ஒருவர் காரைக் கேட்டிருந்தார். நாலேகால் லட்சம் தருவதாகச் சொன்னார். கீழே ஒரு ரூமும் பாத்ரூமும் கட்டக் கிட்டத்தட்ட அதே தொகை ஆகும். இடமும் கிடைக்கும், பணமும் கிடைக்கும். கணக்கு இவ்வளவு சுலபம்.

நான் இரண்டு முறை முடியாது என்றேன். ஆறு லட்சத்துக்குக் குறைந்து பேச்சே இல்லை என்றேன்.

1990-ல் கானமன், நெட்ஷ், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட பிரபலமான பரிசோதனை ஒன்று உண்டு. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். விற்பவர்கள் கேட்டது, வாங்குபவர்கள் தருவதாகச் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கையில் வந்து கொஞ்ச நேரமே ஆன சாதாரணக் கோப்பைக்கே அப்படி.

நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்த காருக்கு எப்படி இருக்கும்?

ஒரு இரவுப் பணியில் கூட்டம் குறைந்த நேரம். ஓபி சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினேன். விற்க வேண்டிய காரணங்கள் ஒரு பக்கம், வைத்திருக்க வேண்டிய காரணங்கள் இன்னொரு பக்கம்.

விற்பதற்கு ஐந்து காரணம் வந்தது. இடம். பணம். படி. பின் சீட்டில் உட்கார ஆசைப்படும் என் மகளுக்கு அதில் சீட் பெல்ட் இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், அதை மாற்றிக்கொண்டே இருக்க எனக்கு நேரமில்லை.

வைத்திருக்க ஒரே காரணம்தான் வந்தது. "அப்பா தாங்க மாட்டார்."

சீட்டைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். பதில் வந்தது. "மாமாகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எட்டு மாதமாக அவருக்காக யோசித்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கேட்டேன். "அப்பா, வண்டிய குடுத்துரலாமா?"

அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "குடுத்துரு தம்பி. நீதான் ஆசையா வச்சிருக்கியேன்னு நான் வாயத் தொறக்கல."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"அப்புறம் எதுக்குப்பா வாரா வாரம் எறங்கிப் போனீங்க?"

"ஓடாம நின்னா வண்டி கெட்டுப்போயிரும்ல. உனக்கு வேலை ஜாஸ்தி, பாக்க நேரமில்ல. அதான்."

அவருக்காக நான் விற்காமல் இருந்தேன். எனக்காக அவர் பதினேழு படி இறங்கினார். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "அது முடிஞ்ச வேலைடா. தொடைச்சுத் தொடைச்சு என்னத்த பாக்குறது? ஒடஞ்சது ஏதாச்சும் இருந்தா கொண்டா."

நாலேகால் லட்சத்துக்கே கொடுத்துவிட்டோம்.

வாங்க வந்தவரை உட்கார வைத்து அப்பா ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். சோக்கை எவ்வளவு இழுக்கணும், வளைவில் ஏன் வேகமாகத் திருப்பக் கூடாது, எந்தக் குழாயை எப்போது மாற்றணும், எல்லாம். 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பரில் "விஏ" என்று வரும். ஆனால் அப்படிப் பதிவு செய்தால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி மாதிரி விஷயங்களுக்குத்தான் எடுக்கலாம். அதையும் யோசித்துச் செய்யுங்கள் என்று நான் சொன்னேன்.

லாரியில் ஏற்றும்போது அப்பா ஒரு பழைய துணியால் பானட்டை ஒருமுறை துடைத்துவிட்டார். அழவில்லை. தெருமுனையில் லாரி திரும்பும்போது மெட்காலேஜ் சேர்ந்த முதல் நாள் ஹாஸ்டலில் அழுத மாதிரி அழுதது நான்தான்.

இப்போது கீழே ரூம் தயார். வழுக்காத டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட், இரண்டு பக்கமும் பிடிமானக் கம்பி, வாசலில் நிலைப்படி இல்லை, ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு.

உங்கள் வீட்டிலும் ஒரு ஹெரால்டு இருக்கலாம். கார் என்றில்லை. அம்மாவின் தையல் மெஷின், தாத்தா வாங்கிய நிலம், யாரும் வாசிக்காத வீணை. விற்பதா வேண்டாமா என்று குழம்பினால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இன்று இது என்னிடம் இல்லையென்றால், இதே விலை கொடுத்து வாங்குவேனா?

இது நிற்கும் இடத்தில் வேறு என்ன இருக்க வேண்டும்?

யாருக்காக வைத்திருக்கிறேனோ, அவரிடம் கேட்டேனா?

மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகும் வைத்திருக்கத் தோன்றினால், தாராளமாக வைத்திருங்கள். அதில் தப்பே இல்லை. எனக்கு மூன்றாவது கேள்விதான் எட்டு மாதம் பிடித்தது.

போன வாரம் 2,500 ரூபாய்க்கு ஒரு பழைய டிவிஎஸ் 50 வாங்கி வந்தேன். ஸ்டார்ட் ஆகாது. மூலையில் அடங்கிவிடும்.

நேற்று டூட்டி முடிந்து வந்தேன். ரூம் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"தம்பி, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு."

வலது கையை நீட்டினார்.