உரிமம் இருந்தால் போதுமா?
கடலூரிலோ சிதம்பரத்திலோ துப்பாக்கி உரிமம் வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரிடம் மனுப் போட வேண்டும். 2016 ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும் கேட்கின்றன. சரியான விதிதான். ரவுடி கள்ளத்துப்பாக்கி வாங்குவான், அவன் பயிற்சிக்கா வரப்போகிறான் என்று சிலர் கேட்கிறார்கள். வரமாட்டான், இந்த விதி அவனுக்கானதே இல்லை. குண்டு ஏற்றியதை மறந்துவிட்டுத் துடைக்க உட்காருபவருக்கும், கூட்டத்தில் விசையில் விரல் வைத்தபடி நிற்பவருக்கும் ஆனது. கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்தாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை என்று ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. உரிமம் பெற்றவர் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் குண்டு கீழேதானே வரும்!

வங்கி வாசலில் நிற்கும் முன்னாள் ராணுவத்தினருக்குமா பயிற்சி என்பது கொஞ்சம் நியாயமான கேள்வி. ஆனாலும் ஓய்வுபெற்றபின் பல வருஷம் சுடாத கை தடுமாறும். 5 ஆண்டுக்கொரு முறை உரிமம் புதுப்பிக்கையில் அவர்களுக்கும் சுடுதளத்தில் ஒரு சோதனை வைக்கலாம்.