சட்டகத்துக்கு வெளியே

நுழையும்முன்

ஒளிப்படக் கருவியின் பின்புறத்தில் விரல்நகம் அளவே உள்ள சாளரம் ஒன்று உண்டு. அது காட்சியை எவ்வளவு பெரிதாகக் காட்டவேண்டும் என்னும் வினா, கருவி செய்வோரை நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்துள்ளது. அதே வினா மேட்டுப்பாளையத்து ஒளிப்படக் கலைஞர் ஒருவரின் முன்னும் ஒருநாள் வந்து நின்றது. அறிவியலும் வாழ்வும் சந்தித்த அந்தக் காலைப்பொழுதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மலையடிவாரத்து நிலையம்

மேட்டுப்பாளையம் தொடர்வண்டி நிலையத்தில் காலை ஏழு மணிக்கு முன்பே மக்கள் நடமாட்டம் மிகுந்துவிடும். எதிரே நீலமலைத் தொடர் பனிமூட்டத்தினூடே மங்கலாகத் தெரியும். உருளைக்கிழங்கு மண்டிக்கும் பாக்கு மண்டிக்கும் செல்லும் சரக்குந்துகளின் ஒலி சாலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். உதகைக்குச் செல்லும் மலைத் தொடர்வண்டி 7.10 மணிக்குப் புறப்படும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் அமைந்த இந்த இருப்புப்பாதை, 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அதன் நீளம் 46 கிலோமீட்டர். வழியில் 16 குகைகளும் 208 வளைவுகளும் உள்ளன.

இவ்வண்டியில் நீராவி எந்திரம் முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னே நின்று பெட்டிகளை மலைமீது தள்ளிச் செல்கிறது. பன்னிரண்டு அடி முன்னேறுவதற்குள் ஓர் அடி உயரும் செங்குத்தான பாதையில் பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஓர் ஊழியர் நின்று தடையை இயக்குவார். அவரை ரயில்வே வழக்கில் பிரேக்ஸ்மேன் என்பர். முதற்பெட்டியின் முன்மேடையில் நிற்பவருக்குப் பொறுப்பு மிகுதி. பாதையைப் பார்த்து, கொடியசைத்து, பின்னால் இருக்கும் ஓட்டுநருக்குச் செய்தி சொல்பவர் அவரே.

அந்த ஊரில் நாற்பது ஆண்டுகள் ஒளிப்பட நிலையம் நடத்திய ஒருவருக்குத் தம்பி இருந்தார். அத்தம்பி அந்த மலைவண்டியில் பிரேக்ஸ்மேனாகப் பணியாற்றியவர். ஊராரின் திருமணங்களையும் காதணி விழாக்களையும் ஆயிரக்கணக்கில் படமெடுத்த அண்ணனிடம், பச்சைக்கொடியுடன் முன்மேடையில் நிற்கும் தம்பியின் படம் ஒன்றுகூட இல்லை. “நாளை எடுத்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்டே ஆண்டுகள் கடந்துவிட்டன. தம்பி பணிநிறைவு பெறும் நாள் நெருங்கியபோதுதான் அந்தக் குறை அவருக்கு உறைத்தது. எஞ்சியிருந்தவை மூன்று வாரங்கள்.

இரு உருவம் ஓர் உருவமாதல்

கடையை மகனிடம் ஒப்படைத்தபின் அவர் தமக்கென வாங்கிக்கொண்டது, பிறர் பயன்படுத்திய எண்ணிம ரேஞ்ச்ஃபைண்டர் கருவி ஒன்று. தமிழில் இதனைத் தொலைவுகாணிக் கருவி எனலாம். இன்றைய கருவிகள் பலவும் வில்லை காணும் காட்சியையே திரையிலோ கண்ணாடியிலோ காட்டுகின்றன; தாமே குவியப்படுத்தியும் கொள்கின்றன. தொலைவுகாணிக் கருவி அவ்வாறன்று. அதன் காட்சிச் சாளரம் வில்லைக்கு மேலே தனியாக அமைந்தது. சற்றுத் தள்ளி இரண்டாவது சாளரம் ஒன்று உண்டு. அதன்வழி வரும் உருவம், முதற்சாளரத்தின் நடுவே சிறு கட்டமாகப் படிந்து தெரியும். வில்லையின் வளையத்தைத் திருப்பும்போது அவ்வுருவம் நகரும். இரண்டு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தினால் குவியம் அமைந்துவிட்டது என்று பொருள்.

இதன் அடிப்படை முக்கோண அளவையே. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவுப் பொருளை நோக்கிக் கோணம் அளந்தால், நடந்து சென்று அளக்காமலே அதன் தொலைவைக் கணக்கிடலாம். இந்திய நாட்டை அளந்த பெரும்பணி இவ்வாறே தமிழ்மண்ணில் தொடங்கியது. அளவையாளருக்கு மைல்கணக்கில் நீண்ட அதே அடிக்கோடு, ஒளிப்படக் கருவியில் இரு சாளரங்களுக்கு இடைப்பட்ட சில சென்டிமீட்டராகச் சுருங்கியுள்ளது. அடிக்கோடு நீளமாக இருந்தால் அளவு துல்லியமாகும் என்னும் விதி இரண்டிற்கும் பொது.

தொடக்கக் காலத்தில் தொலைவு பார்க்க ஒரு துளையும் காட்சியை வரையறுக்க மற்றொரு துளையும் இருந்தன. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமணரின் இறுதி நாள்களைப் படமாக்கியது அத்தகைய லைக்கா கருவிகளின் காலத்தில்தான். 1954இல் வந்த லைக்கா எம்3 அவ்விரு துளைகளையும் ஒரே சாளரமாக இணைத்தது.

உருப்பெருக்கத்தின் கணக்கு

எம்3இன் சாளர உருப்பெருக்கம் 0.91. வெறுங்கண் காணும் அளவில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்று மேல். ஒரு கண்ணைச் சாளரத்தில் வைத்து மறுகண்ணைத் திறந்தே வைத்திருந்தாலும் இரு காட்சிகளும் ஏறத்தாழ இணைந்துபோகும். ஆயினும் 35 மி.மீ. வில்லையின் அகன்ற காட்சி அச்சாளரத்துள் அடங்கவில்லை. அதற்கு இடம்தரும் பொருட்டு அடுத்து வந்த எம்2இல் உருப்பெருக்கம் 0.72ஆகக் குறைக்கப்பட்டது. பெரிதாகக் காட்டினால் சிறிதளவே தெரியும். பேரளவு தெரியவேண்டின் சிறிதாகவே காட்டவேண்டும். இந்த இழுபறிக்கு இன்றுவரை முடிவில்லை.

துல்லியத்தை அறிய உருப்பெருக்கம் மட்டும் போதாது. அடிக்கோட்டின் நீளத்தை உருப்பெருக்கத்தால் பெருக்கிக் காணவேண்டும். முதல் எண்ணிமத் தொலைவுகாணிக் கருவியான எப்சன் ஆர்-டி1 2004இல் வெளிவந்தது. அதன் உருப்பெருக்கம் சரியாக 1, அடிக்கோடோ 38.2 மி.மீ. மட்டுமே. 2009இல் வந்த லைக்கா எம்9இன் உருப்பெருக்கம் 0.68, அடிக்கோடு 69.25 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் முன்னதற்கு 38.2, பின்னதற்கு ஏறத்தாழ 47 மி.மீ. கிடைக்கும். காட்சியைப் பெரிதாகக் காட்டும் கருவியே தொலைவைக் கணிப்பதில் பின்தங்குகிறது. பின்னர் 2017இல் வந்த எம்10இல் உருப்பெருக்கம் 0.73ஆக உயர்ந்தது, பெருக்கற்பலனும் 50 மி.மீட்டரைத் தாண்டியது.

எண்ணிமக் காலத்தில் இத்துல்லியம் மேலும் இன்றியமையாததாயிற்று. முன்பு அஞ்சலட்டை அளவுப் படத்தில் மறைந்துகிடந்த சிறு குவியப் பிழையை, இன்று கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவர் நொடியில் கண்டுவிடுகிறார்.

கண்ணும் கண்ணாடியும்

மேட்டுப்பாளையத்துப் பெரியவரிடம் இருந்தது 0.68 உருப்பெருக்கம் கொண்ட கருவி. அறுபதைக் கடந்த கண்களுக்கு, அதன் நடுவிலுள்ள சிறு கட்டத்தில் இரு உருவங்கள் பொருந்துவது தெளிவாகப் புலப்படவில்லை. ஒத்திகையாக ஒரு வாரம் காலைதோறும் நிலையத்துக்குச் சென்று எடுத்த படங்களில் பாதிக்குமேல் குவியம் தவறியிருந்தது. ஆகவே சாளரத்தின்மேல் திருகிப் பொருத்தும் 1.25 மடங்கு உருப்பெருக்கி ஒன்றை வாங்கினார். 0.68 என்பது 0.85 ஆயிற்று. கட்டம் பெரிதாயிற்று, உருவங்கள் கத்தியால் நறுக்கியதுபோல் பொருந்தின.

இரண்டாம் வாரத்தில் முகங்கள் துல்லியமாக அமைந்தன. ஆனால், படங்களில் உயிர் குறைந்திருந்தது. கொடி உயர்வதற்குச் சற்று முன்போ, தாழ்ந்த பின்போ விரல் அழுத்தியிருந்தது. ஒருநாள் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் குறுக்கே வந்ததை அவர் கவனிக்கவே இல்லை. காரணம் எளிது. தொலைவுகாணிச் சாளரத்தில் படத்தின் எல்லையைக் காட்டுபவை ஒளிரும் சட்டகக் கோடுகள். அவற்றுக்கு வெளியிலும் உலகம் தெரியும். உள்ளே வரப்போவது எதுவென்பதை முன்கூட்டியே காணலாம். உருப்பெருக்கி பொருத்தியபின், மூக்குக்கண்ணாடி அணிந்த அவருக்குக் கோடுகளின் விளிம்பே தெரியவில்லை. வெளியுலகம் முற்றிலும் மறைந்துபோயிற்று.

திருமணப் படங்கள் எடுத்த காலத்தில், மணமக்களை நிற்கவைத்து, “கொஞ்சம் இப்படிப் பாருங்க” என்று சொல்லி எடுத்துப் பழகியவர் அவர். ஓடும் வண்டியை யார் நிறுத்தி வைப்பது?

அந்தக் காலை

பணிநிறைவு நாளன்று அவர் உருப்பெருக்கியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டார். கண்ணை நம்பி அந்த நேரத்தில் குவியப்படுத்துவதில்லை என்று முடிவு செய்தார். தாம் நிற்குமிடத்திலிருந்து பெட்டியின் முன்மேடை கடக்கும் இடம் மூன்று மீட்டர் என்று முன்னரே அளந்து வைத்திருந்தார். 35 மி.மீ. வில்லையில் ஒளித்துளையை 5.6இல் வைத்து மூன்று மீட்டருக்குக் குவியப்படுத்தினால், ஏறத்தாழ இரண்டு மீட்டர் முதல் ஐந்து மீட்டர் வரை உள்ளவை ஏற்கத்தக்க தெளிவுடன் பதியும். காலை வெளிச்சம் குறைவாதலால் அதற்குமேல் துளையைச் சுருக்க இயலவில்லை. கண்ணின் பணியை இவ்வாறு கணக்கிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் சாளரத்தின் வழியே காத்திருந்தார்.

ஊதல் ஒலித்தது. பின்னால் நீராவி சீறிற்று. பெட்டிகள் மெல்ல நகரத் தொடங்கின. கோடுகளுக்கு வெளியே இடப்புறத்தில் முதற்பெட்டி தோன்றியது. முன்மேடையில் தம்பி நின்றிருந்தார். அதே வேளையில் வலப்புற விளிம்புக்கு அப்பால் ஓர் அசைவு. திருப்பூரிலிருந்து முன்னிரவே வந்திருந்த தம்பி மகள், கூட்டத்திலிருந்து விலகி, கையை உயர்த்தியபடி நடைமேடையில் இரண்டடி முன்வந்தாள். பெட்டி கோட்டைத் தொட்டபோதே அழுத்தியிருந்தால் தம்பி மட்டும் படத்தில் இருந்திருப்பார். பெரியவரின் விரல் அரை நொடி தயங்கியது. இடப்பக்கத்திலிருந்து தம்பியும் வலப்பக்கத்திலிருந்து மகளும் கோடுகளுக்குள் வந்தனர். கொடி உயர்ந்தது. விரல் அழுந்தியது.

அன்று எடுத்தது ஒரே படம். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் அதில் குறைகள் உண்டு. கொடி அசைவால் கலங்கியிருக்கிறது. தம்பியின் முகம், உருப்பெருக்கியால் எடுத்த ஒத்திகைப் படங்களில் இருந்த அளவுக்குக் கூர்மையாக இல்லை. ஆனால், முன்பாதையை நோக்கிய தந்தையின் பார்வையும், அவரை நோக்கி உயர்ந்த மகளின் கையும், இடையில் மிதந்த நீராவியும் ஒரே சட்டகத்தில் அமைந்திருந்தன.

அச்சிட்ட படத்தைத் தம்பி நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, “இவ அங்க நின்னதை நான் பாக்கவே இல்லீங்களேண்ணா. என்ர கண்ணு தண்டவாளத்து மேலயே இருந்துதுங்க” என்றார். அண்ணன் மறுமொழி ஏதும் கூறவில்லை. இத்தனை ஆண்டுகள் தினமும் அவ்வாறு முன்னே பார்த்து நிற்பதுதான் தம்பியின் தொழில். அதனால்தான் பெட்டியிலிருந்த பயணிகள் மலையழகை அச்சமின்றிக் கண்டுகளித்தனர். அவர் காணாமல் விட்டதை யாரேனும் ஒருவர் கண்டு வைக்கவேண்டியிருந்தது.

படம் இப்போது தம்பி வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. உருப்பெருக்கியை அண்ணன் எறிந்துவிடவில்லை. பேத்தியை அருகில் அமர்த்திப் படமெடுக்கும் நாள்களில் மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்துப் பொருத்திக்கொள்கிறார். நிலையத்துக்குச் செல்லும் நாள்களில் மட்டும் அது இழுப்பறையிலேயே இருந்துவிடுகிறது.